கேம்பர் வேனில் கரன்ட் நின்றால் பேட்டரியை மட்டும் குறை சொல்லாதீர்கள்

தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனுக்குள் ஃபிரிட்ஜ் நின்றுபோனால் முதல் பழி பேட்டரி மேல்தான் விழும். நானும் அப்படித்தான் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி ஃபிரிட்ஜ் மறுபடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது.

அப்புறம்தான் வோல்ட், ஆம்பியர் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். ஃபிரிட்ஜ் நின்றிருக்கும்போது அதன் பிளக்கில் 12.6 வோல்ட். எல்லாம் சரி என்றுதான் தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுவது. கரன்ட் ஓடாத வயரில் எந்தக் கோளாறும் தெரியாது. ஃபிரிட்ஜ் ஓடும்போது பார்த்தால் பேட்டரியில் 12.5, பிளக்கில் 11.1. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஃபிரிட்ஜின் நெகட்டிவ் வயரிலும் வைத்தேன்: 1.2 வோல்ட். நல்ல எர்த் (நெகட்டிவ் வயரை வண்டியின் தகர உடலோடு பூட்டும் இணைப்பு) என்றால் அங்கே 0.1, 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எர்த் போல்ட்டைத் தொட்டால் வெதுவெதுவென்று இருக்கிறது. கழற்றினால், பெயின்ட் மேலேயே வைத்து முறுக்கியிருக்கிறார்கள்! உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துப் பூட்டியதும் ஃபிரிட்ஜ் நிற்காமல் ஓடியது. பேட்டரிக்குக் கொடுத்த பணம் தண்டம்.

வண்டியை நிறுத்தியதும் வோல்ட் பார்த்து 'பேட்டரி ஃபுல்' என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறிய கையோடு கூடுதலாகவே காட்டும். சில மணி நேரம் லோடில்லாமல் விட்டுப் பாருங்கள்: 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. லித்தியம் பேட்டரியில் இந்தக் கணக்கு எடுபடாது. பெரும்பகுதி தீரும்வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அதற்கு ஷன்ட் (போகும் வரும் கரன்ட்டை அளக்க உதவும் சிறு ரெசிஸ்டர்) வைத்த பேட்டரி மானிட்டர்தான் வழி.

ஓட்டும்போது வீட்டுப் பேட்டரி (வேனுக்குள் ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கான பேட்டரி) ஏறவில்லை என்றால், எஞ்சினோடு சுழன்று சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்ற ஓடாதீர்கள். எஞ்சின் ஓடும்போது முன்னாலிருக்கும் எஞ்சின் பேட்டரி, பின்னாலிருக்கும் வீட்டுப் பேட்டரி இரண்டையும் அளந்து பாருங்கள். முன்னால் 14.2, பின்னால் 12.4 என்றால் நடுவில் இரண்டையும் இணைக்கும் ரிலேவோ (தானாக இயங்கும் சுவிட்ச்) ஃபியூஸோதான் காரணம். முன்னாலேயே 12.6தானா? புதிய வண்டிகளில் சில, டீசலை மிச்சப்படுத்த ஆல்டர்னேட்டர் வோல்ட்டை வேண்டுமென்றே இறக்கும். அது பழுதல்ல, அந்த வண்டிக்கு, குறைந்த வோல்ட்டை வீட்டுப் பேட்டரிக்குத் தேவையான அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும்.

ஃபியூஸ் போகிறதென்று 10 ஆம்பியர் இடத்தில் 20 சொருகாதீர்கள். ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற இருப்பது. பெரிய ஃபியூஸ் போட்டால் அடுத்து எரியப்போவது வயர்தான்.

ஆம்பியர் அளந்துவிட்டு, மீட்டரின் சிவப்பு வயரை அதே 10 ஆம்பியர் ஓட்டையில் விட்டபடி வோல்ட் பார்க்கப் போனால் நேரடி ஷார்ட். ஒரு மீட்டரை நானே அப்படிக் கொன்றிருக்கிறேன்.

ராத்திரியில் பேட்டரி தானாக இறங்குகிறதா? வயரைத் துழாவும் முன் இன்வெர்ட்டர் சுவிட்சைப் பாருங்கள். எதையும் சொருகாவிட்டாலும் சில இன்வெர்ட்டர்கள் ஒரு ஆம்பியர் வரை தின்னும். ஒரு நாளைக்கு 24 ஆம்பியர் ஹவர்.