மேசைக்கணினிக்குள் காட் றீடர் பூட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று வன்னியில் எந்த ஸ்ரூடியோவுக்குள் நுழைந்தாலும் கணினிக்கு முன்னால் ஒரு காட் றீடர், அதாவது கமராவின் மெமரி காட்டைச் செருகிப் படம் இறக்கும் கருவி, வயரில் தொங்கும். கை பட்டு இழுபடும், முனை தளரும், படம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, கணினிப் பெட்டிக்குள்ளேயே ஒரு றீடரைப் பூட்டுவது நல்ல முடிவு. வேலையும் பெரிதல்ல, பொருளும் விலை கூடியதல்ல. ஆனால் அதற்குள் போகிற மெமரி காட்டில் இருப்பது இரண்டாம் முறை எடுக்க முடியாத படம். இடப்பெயர்வில் அல்பங்களை மொத்தமாக இழந்த குடும்பங்கள் வாழும் ஊர்கள் இவை. ஒரு சாமத்தியவீட்டுப் படத்துக்கு இங்கே என்ன பெறுமதி என்பது படம் எடுப்பவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தவறு பெரும்பாலும் கடையிலேயே தொடங்கிவிடுகிறது. கணினிப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் றீடரை வாங்கிவிடுகிறார்கள். உள்ளே பூட்டும் றீடர்களில் அநேகமானவை 3.5 அங்குல முன்வாசலுக்கு, அதாவது பழைய ஃபுளொப்பி ட்றைவ் இருந்த இடத்துக்கு, அளவெடுத்துச் செய்யப்பட்டவை. இப்போது வரும் கண்ணாடி முகப்புப் பெட்டிகள் பலவற்றில் அந்த வாசலே கிடையாது. டிவிடி ட்றைவ் பூட்டும் 5.25 அங்குல வாசல் இருந்தால் இடைச்சட்டம் ஒன்று போட்டுச் சமாளிக்கலாம். அதுவும் இல்லையென்றால் உள் றீடரை மறந்துவிடுங்கள். நம் பக்கத்தில் பலரிடம் இருப்பவை நிறுவனங்கள் பாவித்து விட்ட இரண்டாம் கை வேர்க்ஸ்டேஷன்கள். அவற்றில் சிலவற்றின் முன்வாசல் அந்தக் கம்பனியின் சொந்த றீடருக்கு மட்டுமே பொருந்தும். பொதுவான றீடர் உள்ளே போகும், முகப்பு மூடாது. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கோ கொழும்பு பம்பலப்பிட்டிக்கோ சொல்லி எடுப்பித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது எவ்வளவு அலைச்சல் என்று யோசித்தால், ஒரு அடிமட்டத்தோடு பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் குந்தியிருப்பது ஒன்றும் பாடில்லை.

அளந்தபின் மதர்போட்டை, அதாவது கணினியின் பிரதான சுற்றுப்பலகையை, பாருங்கள். றீடரின் வயர் பெட்டிக்குப் பின்னால் போவதில்லை, மதர்போட்டில் வரிசையாக ஊசிகள் நிற்கும் ஊசிக்கட்டில் செருகப்படுகிறது. யூ.எஸ்.பி 2 என்றால் 9 ஊசி, யூ.எஸ்.பி 3 என்றால் 19 ஊசி. பல மதர்போட்களில் 19 ஊசிக்கட்டு ஒன்றுதான் இருக்கும், அதையும் பெட்டியின் முன்பக்க யூ.எஸ்.பி வாசல்கள் பிடித்திருக்கும். அப்போது விலை குறைவென்று 9 ஊசி றீடரை வாங்குவதுதான் வழமை. ஆளடையாளப் படம் மட்டும் எடுப்பவருக்கு அது போதும். கலியாணம், கோயில் திருவிழா எடுப்பவருக்குப் போதாது. யூ.எஸ்.பி 2 வழியே நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட்தான் வரும். நிறைந்த 64 ஜிகாபைட் காட் ஒன்றை இறக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். யூ.எஸ்.பி 3 இல் அதே காட், நொடிக்கு 90 மெகாபைட் தரக்கூடியதானால், 12 நிமிடத்தில் முடிந்துவிடும். வற்றாப்பளைப் பொங்கலிலோ மடுத் திருவிழாவிலோ நாலைந்து காட் நிறைத்துக்கொண்டு வருபவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். இன்னொரு 19 ஊசிக்கட்டு வேண்டுமென்றால், மதர்போட்டின் பி.சி.ஐ எக்ஸ்பிரஸ் வாசலில் செருகும் சின்ன அட்டையாகவே கிடைக்கிறது. அதில் தனிப் பவர் முனை இருந்தால் பவர் சப்ளையிலிருந்து கட்டாயம் வயர் கொடுங்கள்.

உங்கள் காட் எந்த வகை என்பதையும் பார்த்து றீடரை வாங்குங்கள். பின்பக்கத்தில் இரண்டாவது வரிசைத் தகடு உள்ள, வேகம் கூடிய யூ.எச்.எஸ் 2 வகை எஸ்.டி காட் சாதாரண றீடரிலும் ஓடும், ஆனால் அதன் வேகம் வராது. வேறு வடிவமான சி.எஃப் எக்ஸ்பிரஸ் காட் பாவிப்பவருக்கு எஸ்.டி றீடரால் பயனே இல்லை. 2006க்கு முந்திய பழைய கணினியில் கழற்றிய றீடர் என்றால் 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட எஸ்.டி காட்டை அது அறியவே அறியாது.

இனி, பொருளை எரிக்கிற தவறு. 9 ஊசிக்கட்டு என்று மதர்போட்டில் கண்ட இடத்திலெல்லாம் செருகக்கூடாது. ஐந்தைந்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் ஊசி இல்லை: யூ.எஸ்.பி கட்டு இப்படித்தான் இருக்கும். பழைய சீரியல் வாசலுக்கான கட்டும் இப்படித்தான் இருக்கும். பழைய வேர்க்ஸ்டேஷன்களில் உள்ள, 1394 என்றும் சொல்லப்படும் ஃபயர்வயர் கட்டும் அப்படியே. யூ.எஸ்.பி முனை ஃபயர்வயர் கட்டில் இறுக்கமில்லாமல், சரியான இடம் போலவே போய் உட்காரும். ஆனால் அங்கே வருவது 12 வோல்ட். றீடர் எதிர்பார்ப்பது 5 வோல்ட். அதிலும் அந்த 12 வோல்ட் வருகிற ஊசிகள் றீடரின் கறுப்பு வயர்களில் போய் முட்டும். கணினியைப் போட்ட கணமே றீடர் போய்விடும், சிலவேளை மதர்போட்டும் சேர்ந்து போகும். பக்கத்தில் யூ.எஸ்.பி என்று அச்சிட்டிருக்கிறதா, 1394 என்று அச்சிட்டிருக்கிறதா என்று டோர்ச் அடித்து வாசியுங்கள். எழுத்து அழிந்திருந்தால் அந்த மாடலின் கைநூலை இறக்கிப் படத்தோடு ஒப்பிடுங்கள். ஊகித்துச் செருகாதீர்கள்.

வயர்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முனையாக வரும் மலிவு றீடர்களில் இன்னும் கவனம். சிவப்பு 5 வோல்ட், வெள்ளையும் பச்சையும் தரவு, கறுப்பு நிலம் என்பதுதான் வழமை. ஆனால் எல்லாத் தயாரிப்பாளரும் இந்த நிற ஒழுங்கைக் கடைப்பிடிப்பதில்லை. றீடரின் சுற்றுப்பலகையில் அச்சிட்டிருப்பதை நம்புங்கள். 19 ஊசி முனைக்கு வேறு ஆபத்து. வயர் தடிப்பு, ஊசி மெல்லிசு. சரித்து அமத்தினால் ஊசி வளையும், கழற்றும்போது வயரைப் பிடித்து இழுத்தால் கட்டே பெயர்ந்து வரும். நேராக இறக்கி, நேராகத் தூக்குங்கள்.

கரண்ட் விடயத்தில் இணையத்தில் கிடைக்கும் அறிவுரை ஒன்று நம் வீடுகளுக்குப் பொருந்தாது. பிளக்கைக் கழற்றாமல் சுவிச்சை மட்டும் நிறுத்தி, பெட்டி எர்த்தோடு தொடுத்தபடி இருக்க வேலை செய்யச் சொல்வார்கள். எர்த் ஒழுங்காக உள்ள கட்டடத்தில் அதில் நியாயம் உண்டு. இங்கே எத்தனை வீட்டில், எத்தனை கடையில் எர்த் கம்பி உண்மையாக நிலத்துக்குப் போகிறது? பெட்டியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கிறதென்றால் அங்கே எர்த் வேலை செய்யவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பவர் சப்ளைக்குள் உள்ள வடிகட்டி வழியே சிறு மின்கசிவு வந்து பெட்டியின் உலோகத்தில் நிற்கிறது. அந்தப் பெட்டிக்குள் கை வைக்க முன் பிளக்கை முழுதாகக் கழற்றுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அமத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வெளியேறி, மதர்போட்டில் சின்ன வெளிச்சம் இருந்தால் அது அணையும். அதன்பின் பெட்டியின் பூச்சில்லாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எர்த்தை ஒரு எலெக்றீசியனைக் கொண்டு சரிபார்ப்பிப்பது றீடருக்காக மட்டுமல்ல, உங்கள் உயிருக்காகவும்தான்.

சோளகம் வீசத் தொடங்கினால் கிரவல் வீதிப் புழுதி எங்கும் நிற்கும். காற்றை உள்ளிழுக்கும் விசிறியைவிட வெளியே தள்ளும் விசிறி அதிகமுள்ள பெட்டியில் உள்ளே போகும் காற்று எந்த வெடிப்பையும் தேடும். காட் செருகும் வாய்கள் அதற்கு வசதியான வழி. மூடி உள்ள றீடரை வாங்குங்கள். முன்பக்கம் வடிகட்டியோடு காற்றை உள்ளிழுக்கும் விசிறி ஒன்று இருப்பது இன்னும் நல்லது.

பூட்டி முடித்ததும் வாடிக்கையாளரின் காட்டை முதலில் செருகுவது மன்னிக்க முடியாத அவசரம். வெறும் காட் ஒன்றை எடுத்து, பெரிய கோப்பு ஒன்றை ஏற்றி, திரும்ப இறக்கி, திறந்து பாருங்கள். ஒவ்வொரு வாயிலும் செய்யுங்கள். நாலு வாய் உள்ள றீடர் விண்டோஸில் நாலு ட்றைவ் எழுத்தை (E, F போன்றவை) பிடித்துக்கொள்ளலாம். அதனால் படங்களின் மறுபிரதி வைக்கும் உங்கள் பக்கப் ஹார்ட் டிஸ்க்கின் எழுத்து மாறி, தானாக ஓடும் பக்கப் சத்தமில்லாமல் நின்றுபோக இடமுண்டு. பூட்டிய அன்றே பக்கப் ட்றைவுக்கு நிரந்தர எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். கணினி தொடங்கும்போது கறுப்புத் திரையில் நின்றுவிட்டால் றீடரில் காட் கிடக்கிறதா என்று பாருங்கள். கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸ் சிலவற்றில் அந்தக் காட்டிலிருந்து தொடங்கப் பார்க்கும்.

ட்ரோனிலிருந்து கழற்றிய மைக்ரோ காட்டை அடப்டர் இல்லாமல் பெரிய வாய்க்குள் விடாதீர்கள். உள்ளே விழுந்தால் றீடரையே கழற்ற வேண்டிவரும். காட்டைச் செருகியதும் ஃபோர்மட் செய்யவா, அதாவது காட்டைத் துடைத்துப் புதிதாக்கவா, என்று விண்டோஸ் கேட்டால் ஒருபோதும் ஆம் சொல்லாதீர்கள். காட்டை எடுத்துக் கமராவில் போட்டுப் பாருங்கள். கமராவில் படம் தெரிந்தால் பிழை பெரும்பாலும் றீடரில், அல்லது வயரில். கமராவிலும் தெரியாவிட்டால் அந்தக் காட்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல், மீட்பு வேலை தெரிந்தவரிடம் அப்படியே கொடுங்கள். எந்தக் காட்டைப் போட்டாலும் எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறது என்று வந்தால் காட்டின் பக்கத்துச் சின்ன விசையைக் குறை சொல்லாதீர்கள். அந்த விசையை உணரும் றீடரின் நெம்பு வளைந்திருக்கும், றீடரைத்தான் மாற்ற வேண்டும்.