பார்கோட் இல்லாமல் வரும் சாமானுக்கு நாமே லேபல் போடுவது எப்படி?

தங்கூசி வலை, நைலோன் கயிறு, தூண்டில், மிதப்பு, ஈயம் என்று மீன்பிடிச் சாமான் விற்கிற கடை எங்களுடையது. கொழும்பிலிருந்து லொறியில் திருகோணமலைக்கு வந்து இறங்கும் சாக்கிலும் பெட்டியிலும் பெரும்பாலும் ஸ்கேனர் படிக்கக்கூடிய எதுவும் இருக்காது. பில் மென்பொருளை வாங்கி வைத்துவிட்டு ஒவ்வொரு சாமானையும் பெயர் தட்டித் தேடுவதென்றால் பழைய கொப்பியே மேல். அதனால் லேபலை நாங்களே அடித்து ஒட்டுகிறோம். மென்பொருளில் சாமானைப் பதிவதை இங்கே விளக்கப் போவதில்லை. அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

1. பிரித்து வைப்பது

வந்த சரக்கையெல்லாம் ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். கம்பனி பார்கோட் சரியாக வேலை செய்தால் அதன்மேல் உங்கள் லேபலை ஒட்டாதீர்கள். ஆனால் பார்கோட் இருக்கிறது என்பதற்காக நம்பிவிடவும் கூடாது. அளவு வேறு வேறாக இருக்கும் தூண்டில் பெட்டிகளில் ஒரே பார்கோட் அச்சடித்திருக்கலாம். அதையும் பார்கோட் இல்லாத சாமான் கணக்கில் சேருங்கள்.

2. இலக்கம் கொடுப்பது

அச்சடிப்பதைவிட இதுதான் முக்கியமான வேலை. 100001 இலிருந்து தொடங்கி வரிசையாக ஆறு இலக்கம் கொடுங்கள். அந்த இலக்கத்துக்கு எந்த அர்த்தமும் இருக்கக் கூடாது. கயிறுக்கு ஒரு எழுத்து, நிறத்துக்கு ஒரு எழுத்து, சப்ளையருக்கு ஒரு எழுத்து என்று கோர்க்க ஆசை வரும். சப்ளையர் மாறிய அன்றைக்கே அது பொய்யாகிவிடும். விபரமெல்லாம் மென்பொருளில் இருக்கட்டும். பூச்சியத்தில் தொடங்கவும் வேண்டாம், எக்செல் அதை விழுங்கிவிடும்.

பார்கோட் வகையில் என் தெரிவு கோட் 128. சோடி சோடியாக வரும் இலக்கங்களை அது சுருக்கி அடிப்பதால் லேபல் சிறியதாக இருந்தாலும் போதும்.

சில மென்பொருள்கள் கம்பனிச் சாமான்களில் வழக்கமாக இருக்கும் 13 இலக்க ஈஏஎன் என்ற பார்கோட் வகைதான் வேண்டும் என்று நிற்கும். அப்படியானால் 2 இல் தொடங்குங்கள். 20 முதல் 29 வரை தொடங்கும் இலக்கங்கள் கடைக்குள் பாவிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. 479 என்பது இலங்கைக் கம்பனிகள் பதிந்து வாங்கும் இலக்கங்களின் தொடக்கம், அதைச் சொந்தமாகக் கற்பனை பண்ணி அடிக்காதீர்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். உதாரணமாக முதல் 12 இலக்கம் 200000100001 என்றால் இடமிருந்து 1, 3, 5ஆம் இடம் என்று ஒற்றை இடங்களைக் கூட்ட 3. இரட்டை இடங்களைக் கூட்டி மூன்றால் பெருக்க 3. மொத்தம் 6. அடுத்த பத்துக்கு 4 குறைகிறது. ஆகவே 2000001000014. எக்செலில் இதை ஒட்ட முன்னரே அந்தக் கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் 2E+12 என்று காட்டிச் சிரிக்கும்.

3. அச்சடிப்பது

சிக்கல் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

லேபல் பிரிண்டர்களில் அதிகம் கிடைப்பது 203 டிபிஐ, அதாவது மில்லிமீற்றருக்கு 8 புள்ளி. பார்கோட்டின் மிக மெல்லிய கோடு முழுப் புள்ளிகளில்தான் அமைய வேண்டும். இரண்டு புள்ளி என்றால் 0.25 மி.மீ., மூன்று என்றால் 0.375 மி.மீ. பார்கோட்டைப் படமாக எடுத்து மூலையைப் பிடித்து இழுத்துப் பெருப்பித்தால் ஒரு கோடு இரண்டு புள்ளியாகவும் பக்கத்துக் கோடு மூன்று புள்ளியாகவும் விழும். கண்ணுக்கு அழகாகத்தான் தெரியும், ஸ்கேனர் வாயே திறக்காது. பிரிண்ட் பண்ணும்போது ‘ஃபிட் டு பேஜ்’ தெரிவாகி இருந்தாலும் இதே கதைதான். 100 சதவீதம் என்று வையுங்கள்.

நான் சொன்ன ஆறு இலக்கக் கோட் 128 மூன்று புள்ளிக் கோட்டில், இரண்டு பக்க வெள்ளை இடமும் சேர்த்து 33 மி.மீ. வரும். 38 மி.மீ. அகல லேபலில் வசதியாக உட்காரும். அந்த வெள்ளை இடத்தில் விலையை எழுதி அடைக்காதீர்கள். ஈஏஎன் என்றால் அதே கோட்டு அளவில் 42 மி.மீ. தாண்டும், 50 மி.மீ. ரோல் வாங்குங்கள்.

இங்க்ஜெட் பிரிண்டரில் ஸ்டிக்கர் தாள் வேண்டாம். ஈரக் கை பட்டால் மை ஊறிவிடும்.

4. ஸ்கேனர்

யூஎஸ்பி ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகை மாதிரித்தான். நோட்பேடைத் திறந்து ஸ்கேன் பண்ணுங்கள், இலக்கம் விழுந்து அடுத்த வரிக்குப் போனால் சரி.

(பிறகு சேர்த்தது: ஸ்கேன் பண்ணினால் கன்னாபின்னாவென்று தமிழ் எழுத்து வருகிறது என்று கிண்ணியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய குறியீட்டில் ஆங்கில எழுத்துகள், கணினியில் தமிழ் விசைப்பலகை போட்டபடி. ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். வெறும் இலக்கம் வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.)

5. ஒட்டுவது

கயிற்றுச் சுருளில் நேரே ஒட்டினால் நிற்காது. அட்டைத் துண்டில் ஒட்டி, துளை போட்டுக் கட்டுங்கள். உருண்டையான போத்தல், குழாய் என்றால் நிமிர்த்தி வைக்கும்போது கோடுகள் ஏணிப்படி போலக் கிடையாக வரட்டும். மற்றப் பக்கம் ஒட்டினால் கோடுகள் வளைவில் ஒளிந்துவிடும்.

ஈயம், மீற்றர் கணக்கில் வெட்டிக் கொடுக்கும் கயிறு, நிறுத்துக் கொடுக்கும் ஆணி: இதிலெல்லாம் ஒட்டுவது வீண். ஒரு தாளில் பெயரும் பார்கோட்டுமாக அடித்துக் கவுண்டரில் வைத்தால் போதும். லமினேட் பண்ணிய தாள் லைட் வெளிச்சத்தில் பளபளத்தால் ஸ்கேனரைச் சற்றுச் சரித்துப் பிடியுங்கள். தராசில் பார்கோட் அடிக்கிற பலசரக்குக் கடைக்காரர் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் தராசும் 2 இல் தொடங்கும் இலக்கம்தான் போடும். அது எந்த இரண்டு இலக்கத்தில் தொடங்குகிறது என்று பார்த்து, உங்களுடையதை வேறாக வையுங்கள்.

6. எந்த ரோல்?

மலிவான தெர்மல் ரோல் சூட்டில் கறுக்கும் தாள். மை தேவையில்லை, விரைவாக விற்கும் சாமானுக்கு அது தாராளம். ஆனால் வெயில் படும் கண்ணாடி அலுமாரியில் வைத்தால் மங்கும், எண்ணெய்க் கை பட்டாலும் அழியும். மாசக்கணக்கில் கிடக்கும் சாமானுக்கு மை ரிப்பன் போடுகிற பிரிண்டரும் பிளாஸ்டிக் லேபலும்தான் சரி. கடல் காற்றடிக்கும் ஊரில் தாள் லேபலின் ஓரம் ஈரத்தில் கிளம்பிவிடும். ஒரு பிரிண்டர்தான் வாங்க முடியும் என்றால் ரிப்பன் உள்ளதை வாங்குங்கள். அதில் ரிப்பனைக் கழற்றிவிட்டு தெர்மல் ரோலையும் போடலாம், அந்த வசதி இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும்.