பெர்கனில் தண்ணீரைப் பார்த்த அறை: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க

நார்வேயின் பெர்கன் நகரில் எல்லாரும் படம் எடுப்பது பிரிக்கெனைத்தான். சிவப்பும் மஞ்சளுமாக, கூம்பிய கூரையோடு தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மர வீடுகள். ஒரு காலத்தில் ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பின் ஜெர்மன் வணிகர்கள் வடக்கிலிருந்து வந்த காய்ந்த காட் மீனை வாங்கி விற்ற இடம். 1702-இல் எரிந்துபோய், பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டினார்கள். 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அந்தப் படத்தில் மயங்கி, அந்த வரிசையை ஒட்டியே ஒரு ஹோட்டலில் அறை எடுத்தேன். போய்ச் சேர்ந்து திரையை விலக்கினால் துறைமுகமும் அதன் எதிர்க்கரையின் கட்டடங்களும்தான் தெரிந்தன. பிரிக்கெனில் தங்கிக்கொண்டு பிரிக்கெனைப் பார்க்க முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குள் விரல் நீட்டியதுபோல நுழைந்திருக்கிறது வோகென் என்ற அந்தச் சின்னத் துறைமுகம். அதன் வடகிழக்குக் கரை பிரிக்கென். சாயங்கால வெயில் நேராக அந்த மர வீடுகளின் முகத்தில் விழும். அதைப் பார்க்கும் பாக்கியம் எதிர்க்கரையில், ஸ்ட்ராண்ட் பக்கம் அறை எடுத்தவர்களுக்குத்தான். ஃபியோர்டுகளுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே நீண்டு நுழையும் கடல் கால்களுக்குப் போகும் விரைவுப் படகுகளும் அந்தக் கரையிலிருந்துதான் புறப்படுகின்றன. காலைப் படகுக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

அதற்காக எதிர்க்கரை ஹோட்டல் என்றதுமே பணத்தைக் கட்டிவிடாதீர்கள். ஹோட்டல் தண்ணீரை ஒட்டி இருக்கும். உங்கள் அறை பின்பக்கத் தெருவையோ உள்முற்றத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். துறைமுகம் தெரியும் அறை என்று தனி வகை போட்டிருந்தால் மட்டுமே நம்பலாம். அதிலும் எந்த மாதம் போகிறீர்கள் என்று பாருங்கள். டிசம்பரில் ஒன்பதே முக்காலுக்கு விடிந்து மூன்றரைக்கு இருட்டிவிடும். அந்த ஆறு மணி நேரமும் நீங்கள் வெளியே சுற்றுவீர்கள், ஜன்னலுக்குக் கொடுத்த காசு வீண். ஜூனில் கதையே வேறு: இரவு பதினொன்றுக்கு மேல்தான் சூரியன் மறையும், நாலு மணிக்கெல்லாம் மறுபடி எழுந்துவிடும். தடித்த திரையை இழுத்து மூடாமல் படுத்தால் தூக்கம் போச்சு. ஏசி இல்லாத அறையாக இருந்தால் கோடையில் ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். வெள்ளி, சனி இரவில் கீழே மதுக்கடைகளின் கூச்சல், அது ஓய்ந்ததும் கடல் காகங்களின் கச்சேரி. தூக்கம் முக்கியம் என்பவர்கள் மேல் மாடியாகக் கேட்டு வாங்குங்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் பெர்கனைப் பற்றிப் பேச முடியாது. ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். 2006 அக்டோபர் இறுதியில் பிடித்த மழை 85 நாள் ஒரு நாள்கூட விடாமல் பெய்து 2007 ஜனவரியில்தான் நின்றது. நான் குடையோடு போனேன். துறைமுகக் காற்றில் அது முதல் நாளே எலும்புக்கூடாகிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கேயே குடியேறிவிட்ட நண்பர் பார்த்துச் சிரித்தார்: "குடை இஞ்ச சரிவராது, நல்ல மழைக்கோட்டு ஒண்டு வாங்கிப் போடுங்கோ." அவர் பேச்சைக் கேட்ட பிறகுதான் ஊரையே பார்த்தேன்.

அறைக்குள் சில விஷயங்கள். இருவர் கட்டிலில் இரண்டு மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு, ஆளுக்கொரு போர்வை மடித்து வைத்திருப்பார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வரவேற்பறைக்குப் போன் செய்யாதீர்கள், அங்கே வழக்கமே அதுதான். கழிப்பறையில் கை ஷவரை எதிர்பார்க்க வேண்டாம். குடிநீர் பாட்டில் வாங்குவது வெட்டிச் செலவு, குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும்.

சாப்பாட்டில் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். காலை பஃபே பெரும்பாலும் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். அவசரத்தில் ஒரு காபியோடு கிளம்பினால் வெளியே மதியச் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் விலையில் அழுகை வரும். ஊறவைத்த ஹெர்ரிங் மீன் எல்லாருக்கும் ஒத்துவராது. ஆனால் பால்கோவா நிறத்தில், கொஞ்சம் இனிக்கும் அந்தப் பழுப்புப் பாலாடைக்கட்டியை விட்டுவிடாதீர்கள். சில ஹோட்டல்களில் எளிமையான இரவுச் சாப்பாடும் வாடகையில் அடக்கம். அதைக் கேட்காமலே மீன் சந்தைப் பக்கம் போய் நண்டுக்குச் செலவழித்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடிக் கிடக்கும், 100 சதுர மீட்டருக்கு உட்பட்ட குட்டிக் கடைகள்தான் திறந்திருக்கும். சனிக்கிழமையே பழம், ரொட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில் டாக்சியைத் தேட வேண்டாம். பீபானென் என்கிற நகர ரயில் முக்கால் மணி நேரத்தில் ஊர் நடுவே இறக்கிவிடும். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். யூரோ மாற்றிக்கொண்டும் போகாதீர்கள், அங்கே குரோனர். அதையும் நோட்டாகத் தொட வேண்டியிருக்காது, எல்லாம் கார்டுதான்.

அப்புறம், ஏற்கெனவே பிரிக்கென் பக்கம் அறை போட்டுவிட்டவர்கள் ரத்து செய்ய ஓட வேண்டாம். துறைமுகத்தின் முனையைச் சுற்றி எதிர்க்கரைக்கு நடக்கப் பத்து நிமிடம்தான். ஜூன் மாதம், இரவு ஒன்பதரை மணி, மழை இல்லையென்றால் போய் நில்லுங்கள்.