போலி வாடகை நிறுவனங்கள்: சரிபார்ப்பதிலும் புகார் செய்வதிலும் நடக்கும் தவறுகள்

வீட்டு வாடகை மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள், அவசரப்படுத்தினால் ஒதுங்குங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த பாடம். அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. ஏமாந்தவர்களின் புகார்களை வரிசையாகப் படித்தால் வேறொன்றுதான் கண்ணில் படுகிறது. பலரும் சரிபார்த்துவிட்டுத்தான் பணம் கட்டியிருக்கிறார்கள், ஆனால் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். விழித்துக்கொண்ட பிறகோ, முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்திருக்கிறார்கள்.

பதிவுத் தேதி பழையது என்று நிம்மதியடைவது

‘15 ஆண்டு அனுபவம்’ என்று போட்டுக்கொள்ளும் நிறுவனத்தின் இணைய முகவரி மூன்று வாரத்துக்கு முன்புதான் பதிவாகியிருக்கிறது என்றால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டியதில்லை. இணைய முகவரிகளை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) அமைப்பின் தேடல் பக்கத்தில் முகவரியைக் கொடுத்தால் தேதி வந்துவிடும். சிக்கல் பழைய தேதி வரும்போதுதான். காலாவதியாகப் போகும் முகவரியை ஏலத்தில் எடுத்தால் பழைய பதிவுத் தேதி அப்படியே நிற்கும். ஆகவே தளங்களின் பழைய வடிவங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினிலும் அதே முகவரியைப் போட்டுப் பாருங்கள். போன வருடம் வரை அது ஒரு நடனப் பள்ளியின் தளமாக இருந்திருந்தால், வாடகை வியாபாரத்தில் 15 ஆண்டு எங்கிருந்து வந்தது?

பூட்டுக் குறியை நம்புவது

தள முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக் குறிக்கு, இணைப்பை நடுவில் யாரும் ஒட்டுக் கேட்க முடியாது என்பதே பொருள். எதிர்முனையில் இருப்பவர் யார் என்பதை அது சொல்லாது. குரோம் உலாவி 2023இல் அந்தக் குறியையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

முகப்புப் படத்தை மட்டும் தேடுவது

விளம்பரத்தின் முதல் படத்தை மோசடிக்காரர்கள் வெட்டியோ இடவலமாகத் திருப்பியோதான் போடுவார்கள். குளியலறை, பால்கனி, சமையலறைப் படங்களில் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். அவற்றைத் தேடுங்கள். படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் தேடுங்கள். படத்தை நீங்களே இடவலமாகத் திருப்பி இன்னொரு முறை தேடுங்கள். அதே வரவேற்பறை வேறு ஊரில் விற்பனைக்கோ சுற்றுலா விடுதியாகவோ கிடைத்தால் முடிவு தெரிந்துவிட்டது. எதுவும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமையாளரின் அடையாள அட்டையைப் பார்த்து மயங்குவது

அது பெரும்பாலும் இதற்கு முன் ஏமாந்தவருடைய அட்டை. நீங்கள் அனுப்புவது அடுத்தவரை ஏமாற்றப் பயன்படும். அனுப்பியே ஆக வேண்டும் என்றால், யாருக்கு, எதற்கு, என்ன தேதியில் என்பதை நகலின் குறுக்கே, முகத்தின் மேலேயே ஓடும்படி எழுதி அனுப்புங்கள்.

நேரில் பார்த்தாயிற்று, சாவியும் கொடுத்தார்கள்

சில நாள் வாடகைக்கு எடுத்த வீட்டையே பத்துப் பேருக்குக் காட்டி, பத்துப் பேரிடம் முன்பணம் வாங்கும் முறையும் உண்டு. நிலப் பதிவேட்டில் உரிமையாளர் பெயர், ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர், பணம் போகும் கணக்கின் பெயர் மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம், தனியாள் கணக்குக்குப் பணம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

திருடனிடமே போய் ‘நீ திருடன்’ என்று சொல்வது

மற்ற தவறுகளையெல்லாம் மன்னித்துவிடலாம். எத்தனை முறை சொன்னாலும் மாறாத தவறு இதுதான். பணம் கட்டிய பிறகு சந்தேகம் உறுதியாகிறது. உடனே வங்கியைக் கூப்பிட வேண்டிய கை, அந்த ‘முகவருக்கு’ செய்தி தட்டுகிறது: “நீங்கள் போலி என்று தெரிந்துவிட்டது, பணத்தைத் திருப்பாவிட்டால் போலீசுக்குப் போவேன்.”

அதன் பிறகு இரண்டில் ஒன்று நடக்கும். எதிராளி மறைந்துவிடுவார். டெலிகிராமில் தனி உரையாடலை ஒருவர் அழித்தால் இரண்டு பக்கமும் அழிக்கும் வசதி இருக்கிறது. விளம்பரம், கணக்கு, உரையாடல் எல்லாம் ஒன்றாகப் போய்விடும். அல்லது பரிவோடு பதில் வரும்: “தவறு நடந்துவிட்டது, இரண்டு வேலை நாளில் பணம் திரும்பும்.” இந்தப் பதில்தான் அதிக நஷ்டம். பணம் முதலில் போய் விழும் கணக்கு பெரும்பாலும் யாரோ ஒருவருடையது, மோசடிக்காரர்கள் அதை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். அங்கிருந்து சில மணி நேரத்தில் வேறு கணக்குகளுக்கோ கிரிப்டோவுக்கோ நகர்ந்துவிடும். அதுவரை உங்களை வங்கிப் பக்கம் போகவிடாமல் வைப்பதுதான் அந்தப் பரிவின் வேலை. பணம் திரும்ப ‘செயலாக்கக் கட்டணம்’ கட்டச் சொல்லி, அதையும் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எதிராளிக்கு எதுவும் தெரிய வேண்டாம். அடுத்த தவணை கேட்டால் ‘நாளைக்குப் பார்க்கிறேன்’ என்று இழுத்துக்கொண்டே முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள். மோசடிப் பிரிவைக் கேளுங்கள். கணக்குக்கு அனுப்பியிருந்தால் பணத்தைத் திரும்ப அழைக்கும் ‘ரீகால்’ கோரிக்கை, அட்டையில் கட்டியிருந்தால் அந்தக் கட்டணத்தை மறுத்துத் திரும்பக் கேட்கும் ‘சார்ஜ்பேக்’. இந்தச் சொற்களைச் சொல்லியே கேளுங்கள், கோரிக்கை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பரிசு அட்டை எண்களைக் கொடுத்திருந்தால் அந்த அட்டையை வெளியிட்ட நிறுவனத்தை உடனே கூப்பிடுங்கள். செலவாகாத மீதி இருந்தால் முடக்க வாய்ப்பு உண்டு.

வங்கி வேலை முடிந்த கையோடு ஆதாரம். முகவரிப் பட்டை முழுதாகத் தெரியும் திரைப்பிடிப்பு, பக்கத்தின் பிடிஎஃப், வேபேக் மெஷினில் ஒரு சேமிப்பு. உரையாடலில் காட்டும் பெயரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், ஆகவே பயனர் பெயரையும் தொலைபேசி எண்ணையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலை அழிக்காதீர்கள். அதை முன்னனுப்பினால் எந்தச் சேவையகம் வழியாக வந்தது என்ற தலைப்புத் தகவல் போய்விடும். மூலக் கோப்பாகவே இறக்கி வையுங்கள். இவ்வளவும் கையில் வந்த பிறகு காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுத்து, அந்தப் புகார் எண்ணை வங்கிக்கும் அனுப்புங்கள்.

‘பணம் வாங்கி வீடு தரவில்லை’ என்று பதிவாளருக்கு எழுதுவது

தளத்தை முடக்கக் கேட்பவர்கள் இங்கே தோற்கிறார்கள். இப்படி எழுதினால் பதிவாளர், அதாவது தளத்தின் இணைய முகவரியைப் பதிந்து கொடுத்த நிறுவனம், அதை வியாபாரத் தகராறாகப் பார்த்து நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லும். தளம் வேறொரு உண்மையான நிறுவனமாக நடித்து அட்டை விவரங்களையோ அடையாள ஆவணங்களையோ பறிக்கிறது என்றால் அது ‘ஃபிஷிங்’. டாட் காம், டாட் நெட் போன்ற பொது முகவரிகளின் பதிவாளர்கள், ஆதாரத்தோடு வரும் ஃபிஷிங் புகார்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஐகானுடன் அவர்களுக்குள்ள ஒப்பந்தம் 2024 ஏப்ரல் 5 முதல் கட்டாயமாக்குகிறது. நாட்டுக் குறியீட்டில் முடியும் முகவரிகளுக்கு அந்தந்த நாட்டின் விதி.

புகார் அனுப்ப வேண்டிய மின்னஞ்சல், பதிவுத் தேதி பார்த்த அதே பக்கத்தில் இருக்கும். நான்கு வரி போதும்: முழு முகவரி, யாராக நடிக்கிறது, எந்தப் பக்கத்தில் என்ன விவரம் கேட்கிறது, திரைப்பிடிப்பு. உங்கள் மனவேதனையை அதில் எழுத வேண்டாம், படிப்பவருக்கு அது பயன்படாது. அதையே கூகுளின் பாதுகாப்பான உலாவல் புகார்ப் படிவத்திலும் இடுங்கள். ஏற்றுக்கொண்டால் பல உலாவிகள் அந்தத் தளத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை காட்டும். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் நின்று உண்மையான சேவையகத்தை மறைக்கும் கிளவுட்ஃபிளேர் சேவைக்குப் பின்னால் தளம் ஒளிந்திருந்தால் அவர்களுடைய புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். தளம் உண்மையில் இருக்கும் சேவையக நிறுவனத்துக்கு அவர்கள் அனுப்பிவைப்பார்கள். பெயர் திருடப்பட்ட உண்மையான நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள். அவர்களுடைய வக்கீல் எழுதும் கடிதத்துக்கு உங்கள் கடிதத்தைவிட வேகம் அதிகம்.

‘இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்’

இதுவும் மோசடி. திரைப்பிடிப்பு எடுத்துக்கொண்டு தடை செய்யுங்கள்.