அகாரத்தோடு நிறுத்தாதீர்கள்: ஆ, ஈ, ஊ, ஏ, ஓ ஐந்திலும் சாதகம்

கர்நாடக இசையின் ச ரி க ம ப த நி என்ற ஏழு எழுத்துகளில் ஐந்து அகரம், இரண்டு இகரம். தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை எத்தனை ஆண்டு பாடினாலும் ஊ, ஏ, ஓ மூன்றும் வாய்க்குப் பழகுவதில்லை. அதன்மேல் அகார சாதகம், அதாவது ‘ஆ’ என்றே பாடும் பயிற்சி, மட்டும் செய்பவருக்கு ஆவில் குரல் விரியும். சாகித்தியத்தில் (பாடல் வரிகளில்) மேல் சட்ஜத்தில் (மேல் ‘ச’) ‘நீ’ என்றோ ‘ஊர்’ என்றோ நிற்க நேர்ந்தால் அதே குரல் நசுங்கிவிடும்.

தினமும் 20 நிமிடம் போதும். தம்புராவைப் போட்டு, கண்ணாடி முன் உட்காருங்கள். மத்திய சட்ஜத்தில் வாயை மூடி ‘ம்’ என்று நான்கு அட்சரம் (தாள எண்ணிக்கை) பிடித்து, மூச்சு அறாமல் தாடையை இறக்கி ஆவுக்கு வாருங்கள். பல்வரிசைகளுக்கு நடுவே இரண்டு விரல் நுழைய இடம் வேண்டும். இப்போது மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது என்று பொருள். கொட்டாவி தொடங்கும்போது உள்நாக்குப் பக்கம் எழுமே, அந்த எழுச்சியை வைத்துக்கொண்டு பாடினால் கசிவு நிற்கும்.

அடுத்து ஈ–ஏ–ஆ–ஓ–ஊ. ஒரே மூச்சில், உயிருக்கு இரண்டு அட்சரம். மாயாமாளவகௌளை ராகத்தில் ஒவ்வொரு சுவரமாக ஏறுங்கள். நாக்கு நுனி ஐந்துக்கும் கீழ்ப்பல்லைத் தொட்டபடியே இருக்கட்டும். ஈயிலிருந்து ஆவுக்கு நாவின் நடுப்பகுதி இறங்குகிறது. ஓ, ஊவுக்கு இதழ் குவிகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியலும் உயிர்களை வாய் திறப்பு, நாவிளிம்பு, இதழ்க் குவிவு என்றே பிரிக்கிறது. ஓர் உயிரிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தொண்டையை இறுக்க வேண்டிய அவசியமே இல்லை. குரல்வளைமேல் லேசாக விரலை வையுங்கள். ஈ வரும்போது அது மேலே துள்ளினால், வாய் செய்ய வேண்டியதைத் தொண்டை செய்கிறது.

சுவரம் மாறும்போதெல்லாம் ‘ஹ’ ஒலி நுழைவது பரவலான பிழை. உள்ளங்கையை வாய்முன் பிடித்தால் காற்று தட்டுவது தெரியும். மெதுவான வேகமாகிய முதல் காலத்தையும் பாதியாகக் குறைத்து, ஒரு சுவரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்தே செல்லுங்கள். இது சரியாகாமல் பிருகாவுக்கு (வேகமாக உருளும் சுவரங்களுக்கு) போக வேண்டாம்.

தாரஸ்தாயியில், அதாவது மேல் ஸ்தாயியில்தான் உண்மையான சிக்கல். ஒவ்வோர் உயிருக்கும் வாய்க்குள் தனி ஒத்ததிர்வு (ஒலி தானாக வலுப்பெறும் அதிர்வெண்) உண்டு. பெண் குரலில் ஈ, ஊ இரண்டின் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 300 முதல் 400 ஹெர்ட்ஸ். ஆவுக்கு 800ஐ ஒட்டி. 5 கட்டையை ஆதார சுருதியாக வைத்துப் பாடும் பெண்ணுக்கு மேல் சட்ஜமே 392 ஹெர்ட்ஸ். அதைத் தாண்டினால் சுருதி ஒத்ததிர்வுக்கு மேலே போய்விடுகிறது, குரல் மெலிகிறது, ஈடுகட்டத் தொண்டை இறுகுகிறது. 1 கட்டையில் பாடும் ஆணுக்கு மேல் சட்ஜம் 262தான். அவருக்கு இந்தத் தொல்லை மேல் மத்தியமம், பஞ்சமம் பக்கம் வரும். இருவருக்கும் மருந்து ஒன்றே: மேலே போகப் போகத் தாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். ஈ சற்றே ஏ பக்கமும், ஊ சற்றே ஓ பக்கமும் சாயட்டும். நாக்கும் இதழும் தம் இடத்தை விடாதவரை கேட்பவர் காதில் அது ஈயாகவே விழும். சிரிப்பதுபோல் உதட்டை இழுத்து ஈ பாடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். கீச்சென்ற ஒலி அதனால்தான்.

பிறகு சாகித்தியம். ஓர் அடியை எடுத்து மெய்களை நீக்கி, உயிர்களை மட்டும் மெட்டில் பாடுங்கள். ‘தமிழே’ என்பது அ–இ–ஏ. இரண்டு முறை இப்படிப் பாடி, மூன்றாவது முறை மெய்களைச் சேருங்கள். குறில் மேல் நீண்ட கமகம் (சுவர அசைவு) வேண்டாம், ‘கலை’ ‘காலை’யாகிவிடும். ஐகாரத்தில் நிற்க வேண்டுமானால் முதற்பகுதியிலேயே நின்று, விடும்போது மட்டும் ‘ய்’யைத் தொடுங்கள். ‘பாட்டு’, ‘நாடு’ போன்ற சொற்களின் ஈற்றில் இருப்பது குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம்; அங்கே இதழைக் குவிக்காமல், நீட்டத்தை முன்னுள்ள ஆவுக்கே கொடுங்கள்.

தொண்டை கட்டியிருக்கும் நாளில் தாரஸ்தாயிப் பயிற்சியை விட்டு, சட்ஜத்தில் ‘ம்’ மட்டும் மெல்லப் பிடியுங்கள். வலித்தால் அதுவும் வேண்டாம்.