நேட்டிவ் ஆப்பா, வெப் ஆப்பா? முடிவெடுக்கும்போது செய்யும் தவறுகள்

கடைக்கோ கிளினிக்குக்கோ டியூஷன் சென்டருக்கோ ஆப் போட வேண்டும் என்றதும் பேச்சு நேராக விலைக்குப் போய்விடுகிறது. ஆண்ட்ராய்டு மட்டும் என்றால் இவ்வளவு, ஐபோனும் சேர்த்தால் இவ்வளவு, ப்ரவுசரில் ஓடும் வெப் ஆப் என்றால் இன்னும் குறைவு. விலையை வைத்து வகையைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: போனைப் பூட்டிப் பைக்குள் போட்ட பிறகும் இந்த ஆப் ஏதாவது வேலை செய்ய வேண்டுமா?

ஆம் என்றால் பெரும்பாலும் நேட்டிவ் ஆப்தான் வழி, அதாவது போனுக்கென்றே எழுதி ஸ்டோரிலிருந்து இறக்கும் ஆப். டெலிவரி ஊழியர் எங்கே போகிறார் என்று தொடர்ந்து காட்ட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். ப்ரவுசரில் ஓடும் ஆப், ஸ்கிரீன் அணைந்ததும் இருப்பிடத்தை அனுப்புவதை நிறுத்திவிடும். காலை 8 மணிக்கு மாத்திரை நினைவூட்ட வேண்டுமென்றாலும் இதே கதைதான். நெட் இல்லாமல் போனே நேரம் பார்த்து மணியடிக்கும் வசதியை வெப் ஆப்பில் நம்ப முடியாது. அங்கே சர்வரிலிருந்து நோட்டிஃபிகேஷன் வர வேண்டும், வருவதற்கு நெட் வேண்டும்.

அடுத்து வன்பொருள். பில் அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டர்தான் பல திட்டங்களைக் கவிழ்க்கிறது. ப்ரவுசரிலிருந்து புளூடூத் சாதனங்களோடு இணையும் வசதியான வெப் புளூடூத் பேசுவது குறைந்த மின்சக்தி வகைப் புளூடூத்தோடு மட்டும். விலை குறைந்த பிரிண்டர்கள் பலவும் பழைய சீரியல் வகைப் புளூடூத். ஐபோனின் ப்ரவுசரான சஃபாரியிலோ வெப் புளூடூத்தே கிடையாது. பிரிண்டரை வாங்கி, இணைத்து, ஒரு பில் அடித்துப் பார்க்கும்வரை வெப் ஆப்புக்கு ஒப்பந்தம் போடாதீர்கள்.

இந்த இரண்டும் தேவையில்லை, பொருள் பட்டியல், அப்பாயின்ட்மென்ட், ஃபீஸ் கட்டுவது, ரிசல்ட் பார்ப்பது மட்டும்தான் என்றால் நேட்டிவ் ஆப் வீண் செலவு. மாதம் ஒரு தடவை ஃபீஸ் கட்டுவதற்காக யாரும் 40 எம்பி ஆப்பைப் போனில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பெரிய நிறுவனங்களே இரண்டு பக்கமும் தடுமாறியிருக்கின்றன. வெப் தொழில்நுட்பத்தை அளவுக்கு மீறி நம்பியது தவறு என்று 2012இல் மார்க் சக்கர்பெர்க் வெளிப்படையாகச் சொன்னார். ஃபேஸ்புக்கின் ஐபோன் ஆப் அந்த ஆண்டே நேட்டிவாக மாற்றி எழுதப்பட்டது. மறுபக்கம், 2015 மே மாதம் வெப்சைட்டை மூடி ஆப் மட்டும் என்று போன மிந்த்ரா, 2016இல் வெப்சைட்டைத் திரும்பக் கொண்டுவந்தது.

வெப்சைட்டை உறைக்குள் போட்டு ஆப் என்று விற்பது

இதுதான் அதிகம் நடப்பது. இருக்கும் வெப்சைட்டை ஒரு வெப்வியூவுக்குள் (ஆப்புக்குள் வெப் பக்கத்தைக் காட்டும் பகுதி) வைத்து, ஐகான் ஒட்டி, பிளே ஸ்டோரில் ஏற்றிவிடுவார்கள். ப்ரவுசரில் ஒழுங்காக ஓடியதெல்லாம் உள்ளே போனதும் உடையும். கூகுள் லாகின் வேலை செய்யாது, வெப்வியூவுக்குள் அதை கூகுளே தடுத்திருக்கிறது. போட்டோ ஏற்றும் பட்டனைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. கோப்பு தேர்வுத் திரையைத் திறக்கும் நிரலை டெவலப்பர் தனியாக எழுத வேண்டும், வெப்வியூ தானாகத் திறக்காது. பேக் பட்டனை அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகாமல் ஆப்பே மூடிக்கொள்ளும்.

பணம் கட்டும் இடத்தில் இன்னும் மோசம். யூபிஐ லிங்க்கைத் தொட்டதும் ஜிபேயோ போன்பேயோ திறப்பதற்குப் பதிலாக, முகவரி புரியவில்லை என்று ஒரு பிழைப் பக்கம் வரும். அந்த லிங்க்கை வெப்வியூவிலிருந்து பிடித்து ஆண்ட்ராய்டிடம் ஒப்படைக்கும் நிரல் வேண்டும். போனில் எந்தெந்த யூபிஐ ஆப் இருக்கிறது என்று பட்டியல் காட்டுவதானால், ஆண்ட்ராய்டு 11 முதல் ஆப்பின் விவரங்களை ஆண்ட்ராய்டுக்குச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில், எந்த ஆப்களைத் தேடும் என்று அறிவிக்கும் குவெரீஸ் பகுதியும் சேர்க்க வேண்டும். ஆப்பைக் கையில் வாங்கும்போது லாகின், போட்டோ ஏற்றம், யூபிஐ, பேக் பட்டன், நெட் இல்லாத நேரம் ஆகிய ஐந்தையும் சோதித்த பிறகே கடைசித் தவணையைக் கொடுங்கள். ஆப்பிளிடம் இந்த உறை நிற்பது கடினம். வெறும் வெப்சைட்டை மட்டும் காட்டும் ஆப்பைக் குறைந்தபட்சச் செயல்பாடு இல்லை என்று ஆப் ஸ்டோரின் 4.2 விதிப்படி நிராகரிப்பார்கள்.

வெப் ஆப்பையே பிளே ஸ்டோரில் வைக்க வேண்டுமென்றால் ட்ரஸ்டட் வெப் ஆக்டிவிட்டி என்ற வசதி நல்ல வழி. ஆண்ட்ராய்டில் மட்டும்தான். தளத்தை குரோமே முழுத்திரையில் ஓட்டுவதால் மேலே சொன்ன உடைசல்கள் பெரும்பாலும் வராது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. டெவலப்பர் போனில் சுத்தமாக ஓடிய ஆப், ஸ்டோரிலிருந்து இறக்கினால் மேலே முகவரிப் பட்டையோடு நிற்கும். பிளே ஸ்டோர் ஆப்பைத் தன் டிஜிட்டல் சாவியால் மறுபடி கையெழுத்திட்டு அனுப்புகிறது, ஆப்பும் தளமும் ஒருவருடையதே என்று காட்டத் தளத்தில் வைத்த அசெட்லிங்க்ஸ் கோப்பிலோ டெவலப்பரின் சாவிக்குரிய கைரேகை (அடையாளக் குறியீடு) மட்டும் இருக்கிறது. கூகுளின் டெவலப்பர் தளமான பிளே கன்சோலின் ஆப் சைனிங் பக்கத்தில் உள்ள எஸ்ஹெச்ஏ-256 கைரேகையை எடுத்து அதே கோப்பில் சேர்த்தால் பட்டை போய்விடும்.

ஐபோனை ஆண்ட்ராய்டு மாதிரி நினைப்பது

வெப் ஆப்பிலும் நோட்டிஃபிகேஷன் வரும் என்று சொல்லும்போது பாதியை விட்டுவிடுகிறார்கள். ஐபோனில் அது ஐஓஎஸ் 16.4இல், 2023 மார்ச்சில்தான் வந்தது. அதுவும் பயனர் ஷேர் பட்டனைத் தொட்டு, ஹோம் ஸ்கிரீனில் சேர்த்து, அங்கிருந்து திறந்தால் மட்டும். ஆண்ட்ராய்டு குரோமில் காட்டுவது போல ‘இன்ஸ்டால் செய்யவா’ என்று நம் தளம் சஃபாரியில் கேட்க முடியாது. படம் போட்டு வழி காட்ட வேண்டும், அப்போதும் பலர் செய்ய மாட்டார்கள். எல்லா வாடிக்கையாளருக்கும் தகவல் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டுமென்றால் எஸ்எம்எஸ்ஸோ வாட்ஸ்ஆப்போ கூடவே இருக்கட்டும்.

சேமிப்பிலும் கவனம் வேண்டும். சஃபாரி பயன்பாட்டில் இருக்கும் 7 நாட்களில் பயனர் உங்கள் தளத்தைத் தொடவே இல்லையென்றால், தளம் போனில் எழுதி வைத்த தரவை அது அழித்துவிடும். ஹோம் ஸ்கிரீனில் சேர்த்த ஆப்புக்கு இந்தக் கெடு இல்லை. அப்படிச் சேர்க்காமல், நெட் இல்லாத ஊரில் ஆர்டர் எடுத்து, பிறகு அனுப்பலாம் என்று விட்டால் அந்த ஆர்டரே காணாமல் போகக்கூடும். நெட் திரும்பியதும் பின்னணியில் தானாக அனுப்பும் வசதி குரோமில் உண்டு, சஃபாரியில் இல்லை. அதனால் ஆப் திறக்கும்போதெல்லாம் தேங்கியதை முதலில் அனுப்புமாறு எழுதுங்கள், அனுப்பாதவை எத்தனை என்று திரையில் காட்டுங்கள்.

விலையை மாற்றியும் பழைய விலையே தெரிவது

வெப் ஆப் என்றால் மாற்றம் உடனே எல்லோருக்கும் போகும் என்பார்கள். எதைப் போனின் சேமிப்பிலிருந்து எடுப்பது, எதை நெட்டிலிருந்து எடுப்பது என்று தீர்மானிக்கும் ஸ்கிரிப்ட்டான சர்வீஸ் வொர்க்கரைத் தவறாக எழுதினால் போகாது. முகப்புப் பக்கம் உட்பட எல்லாவற்றையும் முதலில் போனின் சேமிப்பிலிருந்து எடு என்று எழுதிவிட்டால், சர்வரில் என்ன மாற்றினாலும் பழைய பக்கமே வரும். புதிய சர்வீஸ் வொர்க்கர் வந்து இறங்கினாலும், பழையதைப் பயன்படுத்தும் டேப்கள் எல்லாம் மூடும்வரை காத்திருக்கும். ரீஃப்ரெஷ் செய்தால் போதாது. பக்கங்களையும் விலைத் தரவையும் முதலில் நெட்டிலிருந்து எடுத்து, கிடைக்காதபோது மட்டும் சேமிப்புக்குப் போக வேண்டும். பெயரிலேயே பதிப்பு அடையாளம் உள்ள படங்களையும் ஸ்கிரிப்ட்களையும் சேமிப்பிலிருந்து முதலில் எடுக்கலாம். புதுப்பதிப்பு தயாரானதும் திரையில் ஒரு பட்டன் காட்டி, தொட்டதும் மாறும்படி வையுங்கள்.

நேட்டிவ் பக்கம் மறக்கும் செலவு

ஆப்பிளின் டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரே தடவை 25 டாலர். அதோடு முடிவதில்லை. 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கிய தனிநபர் பிளே கணக்கு என்றால், வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருக்க வேண்டும். பண்டிகை விற்பனைக்கு ஆப் வேண்டுமென்றால் இந்த நாட்களையும் கணக்கில் வையுங்கள். ஆண்டுதோறும் புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆப்பைத் திருத்தும் வேலையும் உண்டு. இரண்டு வகைப் போனுக்கும் சேர்த்து எழுதும் கருவிகளான ஃப்ளட்டரிலோ ரியாக்ட் நேட்டிவிலோ எழுதினால் நிரல் பெரும்பாலும் ஒன்றாகும், ஸ்டோர் வேலை இரண்டாகவே இருக்கும். ஸ்டோர்கள் எடுக்கும் கமிஷன் பயத்தில் நேட்டிவை ஒதுக்குவோரும் உண்டு. அந்தக் கமிஷன் டிஜிட்டல் பொருளுக்கும் சந்தாவுக்கும்தான், சேலைக்கும் மளிகைக்கும் இல்லை.

நேட்டிவ் ஆப்பின் பழைய பதிப்புகள் பல மாதம் மக்கள் போனிலேயே இருக்கும். சர்வர் அனுப்பும் தரவில் ஒரு புலத்தின் பெயரை மாற்றினாலே அவை விழுந்துவிடும். ஒவ்வொரு கோரிக்கையோடும் பதிப்பு எண்ணை அனுப்பும் வசதியும், அப்டேட் செய்யச் சொல்லித் தடுக்கும் திரையும் முதல் வெளியீட்டிலேயே இருக்க வேண்டும். பிறகு சேர்த்தால், அப்டேட் செய்யாதவர்களின் போனில் அந்தத் திரை இருக்காது.