பிடித்த தொழிலைக் கண்டுபிடிப்பது எப்படி? காபியில் தொடங்கி மிக்ஸியில் முடிந்த கதை

"சொந்தமா ஏதாவது பண்ணணும், ஆனா என்னன்னுதான் தெரியல" என்று மூன்று வருடம் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் ஆபீஸ் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து புலம்பியவன் நான். இப்போது சனி, ஞாயிறுகளில் நங்கநல்லூரில் மிக்ஸி, கிரைண்டர் சர்வீஸ் செய்கிறேன். முதலீடு, கடன், ஜிஎஸ்டி பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. எதைச் செய்வது என்ற குழப்பத்துக்கு மட்டும்தான் இந்தப் பதிவு.

படி 1: ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இரண்டு வாரம், தினமும் ராத்திரி இரண்டு விஷயம் எழுதினால் போதும். இன்று யார் என்னிடம் என்ன உதவி கேட்டார்கள்? யாரும் கேட்காமலே நான் எதில் கை வைத்தேன்? மொபைல் ஆப் வேண்டாம். எக்செல் வேண்டவே வேண்டாம். நான் அதில் ஆரம்பித்து, கட்டங்களுக்குக் கலர் அடிப்பதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது.

படி 2: மூன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். எனக்கு மிஞ்சியவை ஃபில்டர் காபி, மாடித் தோட்டம், ரிப்பேர் வேலை.

படி 3: நான் வழுக்கி விழுந்த இடம் இது. காபி என்றால் எனக்கு உயிர். ஒரு வாய் குடித்தாலே சிக்கரி தூக்கலா இல்லையா என்று சொல்லிவிடுவேன். சரி, காபிக் கடைதான் என்று முடிவே செய்துவிட்டேன். நல்லவேளையாக, மாம்பலத்தில் கடை வைத்திருக்கும் சித்தப்பாவின் நண்பர், "ஒரு வாரம் வந்து நில்லுப்பா, அப்புறம் பேசலாம்" என்றார்.

காலை நாலு மணிக்கு ஷட்டர் தூக்க வேண்டும். ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகக் கத்தரித்துப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். எட்டு மணிக்குள் டபரா டம்ளர் கழுவிக் கழுவி விரல்கள் ஊறிச் சுருங்கிவிடும். இடையில் சில்லறைத் தகராறு வேறு. நாலாம் நாள் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். எனக்குப் பிடித்தது காபி குடிப்பதுதான், காபி விற்பது இல்லை.

அதே வாரம் எதிர் வீட்டு மாமி, "ஓடவே மாட்டேங்கறதுப்பா" என்று மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கவிழ்த்து, அடியில் இருக்கும் சிவப்பு பட்டனை அழுத்தினேன்; ஓடியது. (பாதி மிக்ஸிகளுக்கு இவ்வளவுதான் வைத்தியம். அதிக பாரம் ஏறினால் மோட்டாரைக் காப்பாற்ற அந்த சுவிட்ச் தானாக விழும்.) ஆனால் ஜாரின் கப்ளர் (ஜாரை மோட்டாரோடு இணைக்கும் பாகம்) தேய்ந்திருந்தது, பிளேடுக்குக் கீழே எப்போதோ அரைத்த சட்னி கல்லாகிக் கிடந்தது. வெந்நீரும் பழைய டூத் பிரஷுமாக உட்கார்ந்தேன். நிமிர்ந்தபோது முக்கால் மணி நேரம் போயிருந்தது.

ஆகவே, ஒவ்வொரு யோசனையிலும் இருப்பதிலேயே அழுக்கான, சலிப்பான வேலை எதுவோ அதைக் கண்டுபிடித்து, அதை மட்டும் நாலு நாள் செய்து பாருங்கள். மாடித் தோட்டம் மாவுப் பூச்சி துடைக்கும் வேலையிலேயே அடிபட்டுப் போனது.

படி 4: காசு கேளுங்கள். முன்பின் தெரியாத பத்துப் பேரிடம். சொந்தக்காரர்கள் கணக்கில் சேர மாட்டார்கள், அவர்கள் எல்லாவற்றையும் சூப்பர் என்பார்கள். முதல் நாலு வீட்டில் "நீங்களே பாத்துக் குடுங்க" என்றேன். வரும்படி இரண்டு காபி, ஒரு பொட்டலம் முறுக்கு. இப்போதெல்லாம் ஸ்க்ரூவைக் கழற்றும் முன்பே விலையைச் சொல்லிவிடுகிறேன்.

படி 5: பத்துப் பேர் காசு கொடுத்த பிறகு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. தேடினால் பணம் கேட்கும் தரகர் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். முகவரி 'கவ் டாட் இன்' (.gov.in) என்று முடிகிறதா என்று பாருங்கள். உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும், வீட்டுச் சமையலறையில் செய்தாலும்.

பின்சேர்க்கை: வேலையை விட்டுவிட்டீர்களா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். இல்லை, திங்கள் முதல் வெள்ளி அதே பஸ்தான்.

இன்னொன்று: பதிவைப் படித்துவிட்டு மல்டிமீட்டர் (மின் இணைப்பைச் சோதிக்கும் கருவி) வாங்க ஞாயிற்றுக்கிழமை சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெருவுக்குப் போய்த் திரும்பி வந்தவர் மன்னிக்கவும். அன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். சனிக்கிழமை, கூட்டம் சேரும் முன் போய்விடுங்கள்.